கொதிகலனுக்குள் ஒரு சுண்டுவிரல்

ஒரு பொம்மை வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால், அதன் சொந்தக்காரர் இன்னும் அதில் கை வைக்கவில்லை என்று பொருள். நீராவிப் பொம்மை வண்டி மேம்பாட்டு மன்றத்தின் அடிப்படைக் கொள்கை இதுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த கொள்கைகளையெல்லாம் விட இதைத்தான் உறுப்பினர்கள் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்கள்.

மன்றம் ஞாயிறுதோறும் பல் டாக்டரின் மாடியில் கூடும். தலைவரும் அவரே. பல்லுக்குப் போடுகிற தங்கத்தில் தன் பொம்மை வண்டியின் புகைபோக்கிக்குத் தொப்பி போட்டவர். தலைவராக இதை விட வேறென்ன தகுதி வேண்டும்? வண்டி ஓடாது. அதை யாரும் கேட்பதும் கிடையாது. கேட்டால் மரியாதைக் குறைவு.

மன்றத்தின் மூத்த உறுப்பினர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடிக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவரிடம் இருந்தது ஒரு ரோடு ரோலர். செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதன் பித்தளைக் கொதிகலனில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சின்ன ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் நிஜ நீராவி கிளம்பும், நிஜமாகவே ஓடும், விசிலும் அடிக்கும். கல்யாண நாள் பரிசாக அதை வாங்கிக் கொடுத்தவர் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் ஓட விட்டார்கள். புஸ் புஸ்ஸென்று அது மேஜையைச் சுற்றி வந்து, முனையில் நின்று 'கூ' என்றபோது, எதற்கும் அசராத டீச்சர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

அன்றைக்கு ஓடியதுதான். மறுநாள் கண்ணாடிக்காரர் சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்.

தகரச் சக்கரம் போய்ப் பித்தளைச் சக்கரம் வந்தது. புகைபோக்கி நீண்டது. ஓட்டுநர் நிற்கிற இடத்துக்குத் தேக்குப் பலகை போட்டார். ஒற்றைக் குரல் விசிலைக் கழற்றி இரட்டைக் குரல் விசில் வைத்தார். கனம் கூடிப்போனதால் பிஸ்டனை மாற்றினார். பிஸ்டனை மாற்றியதால் குழாயை மாற்றினார். சாப்பாட்டு மேஜை முழுக்கத் திருகும் ரம்பமுமாக இருந்ததால் புருஷனும் பெண்டாட்டியும் வருஷக் கணக்கில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

"ஏங்க, இது மறுபடி எப்போதான் ஓடும்?"

"இன்னும் ஒரே ஒரு வேலைதாம்மா பாக்கி."

டீச்சர் கேட்பதை நிறுத்தவில்லை. அவருக்கு வேண்டியது நகை நட்டு இல்லை, அந்த வண்டி இன்னொரு முறை மேஜையைச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான், கடைசித் திருகையும் முடுக்கிய அன்றைக்கு, "வர்ற கல்யாண நாளுக்கு ஓட்டிக் காட்டறேன், இது சத்தியம்" என்று கையடித்துக் கொடுத்தார்.

சத்தியம் செய்த வாரமே பல் டாக்டர் மன்றத்துக்கு ஒரு வெடிகுண்டோடு வந்தார். அவர் வண்டியின் வயிற்றில் நகத்தளவு தகடு ஒன்று மின்னியது. அதில் கொதிகலன் பதிவு எண்! பெரிய ஆலைகளின் கொதிகலனில் இருக்குமே, அச்சு அசலாக அதே மாதிரி. உறுப்பினர்கள் பூதக்கண்ணாடியைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள்.

கண்ணாடிக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "அவர் போட்டிருக்கிறது போலிம்மா. கடையில செதுக்கினது. நாம அசலே வாங்கிடுவோம்."

"எங்கேர்ந்து?"

"கொதிகலன் ஆபீஸ்லேர்ந்து."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

கொதிகலன் அலுவலகம் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆலைகள் எல்லாம் மின்சாரத்துக்கு மாறிய பிறகு ஊரில் கொதிகலனே கிடையாது. ஆய்வாளர் மட்டும் இருந்தார். மாதாமாதம் 'இல்லை' என்று அறிக்கை அனுப்புவார். இந்த வருஷமும் ஒரு கொதிகலன் தென்படாவிட்டால் அலுவலகத்தை மூடி, அவரைத் தெருவிளக்குப் பிரிவில் சேர்த்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

கண்ணாடிக்காரர் உள்ளே நுழைந்து, "சார், ஒரு கொதிகலன் விஷயமா..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், ஆய்வாளர் எழுந்து நின்றார். நாற்காலி வந்தது. டீ வந்தது. மின்விசிறி கண்ணாடிக்காரர் பக்கமாகத் திரும்பியது. அப்போதே அவர் ஓடியிருக்க வேண்டும்.

"உங்ககிட்ட கொதிகலன் இருக்கா?" ஆய்வாளரின் குரல் தழுதழுத்தது.

"இருக்கு சார். ஆனா பொம்மை. அதுக்கு ஒரு நம்பர் தகடு..."

"தண்ணி கொதிக்குமா?"

"கொதிக்கும்."

"ஆவி வருமா?"

"வரும் சார். ஆனா பொம்மை."

"சட்டத்துல பொம்மைங்கிற வார்த்தையே கிடையாதுங்க. நான் முழுக்கப் படிச்சிருக்கேன், எனக்கு வேற வேலை இல்ல. நாளைக்கே ஆய்வுக்கு வர்றேன்."

வந்தார். தலையில் இரும்புத் தொப்பி, தோளில் கயிறு, ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் சம்மட்டி. ஏணியை ஜீப்பிலேயே விட்டு வந்தது அவருடைய பெருந்தன்மை. ஆய்வு நடக்கும்போது சம்பந்தப்படாதவர்கள் முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. வீட்டின் மொத்த நீளமே அவ்வளவு கிடையாது. அதனால் டீச்சர் எதிர்வீட்டு மொட்டை மாடியில் போய் நின்றார்.

"ஆய்வாளர் கொதிகலனுக்குள்ள இறங்கிப் பார்க்கணும்" என்றார் ஆய்வாளர். மேஜை மேல் இருந்த ரோடு ரோலரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு மேலிடத்துக்கு எழுதினார்: 'ஆய்வாளரின் உடற்பருமன் காரணமாக உள்ளே இறங்க இயலவில்லை. தக்க ஆணை வேண்டப்படுகிறது.'

மேலிடம் ஆழ்ந்து யோசித்துப் பதில் போட்டது: 'ஆய்வாளரின் உடலில் எப்பகுதி நுழையுமோ அப்பகுதி நுழைந்தால், ஆய்வாளரே நுழைந்ததாகக் கருதப்படும்.'

இரும்புத் தொப்பியோடு மறுபடியும் வந்த ஆய்வாளர், தண்ணீர் ஊற்றும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். நுழைந்தது. நாலா பக்கமும் துழாவினார். "உள்ளே நல்லா வழவழன்னு இருக்கு. லேசா ஈரம்" என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு விரலை எடுக்கப் பார்த்தார். விரல் வரவில்லை.

"சார், லேசாத் திருப்புங்க."

"திருப்பியாச்சு."

"எண்ணெய் விடட்டுமா?"

"விடக்கூடாது! ஆய்வு முடியற வரைக்கும் கொதிகலன்ல எதையும் ஊத்தக்கூடாது."

"ஆய்வு எப்போ சார் முடியும்?"

"ஆய்வாளர் வெளியே வந்ததும்."

"ஜன்னல் வழியாத் தெரியுது! சோப்புப் போடுங்க!" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து டீச்சர் கத்தினார். சம்பந்தப்படாதவர் சொன்னதை ஆய்வாளர் பதிவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல் பல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ஆய்வாளரை நாற்காலியில் சாய்த்து, "வாயைத் திறங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லி, திறந்த வாயைச் சும்மா விடக் கூடாதே என்று ஒரு சொத்தைப் பல்லையும் கண்டுபிடித்துவிட்டு, பிறகு விரலைப் பிடுங்கினார். பிடுங்கும்போதே கண்ணாடிக்காரரைப் பார்த்து, "அசல் தகடா? சொல்லவே இல்லையே?" என்றார். அவர் கண்ணில் பொறாமை கொப்பளித்தது.

விரல் வந்ததும் ஆய்வாளர் அடுத்த விதிக்குப் போனார். "தயாரிப்பாளர் கொடுத்த வரைபடம் வேணும்."

வரைபடம் என்று எதுவும் இல்லை. பெட்டியின் மூடியில் ஒரு படம் இருந்தது. ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து ரோடு ரோலரை ஓட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். ஆய்வாளர் படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"சக்கரம் வேற. புகைபோக்கி வேற. விசில் வேற. எல்லாமே அனுமதி இல்லாத மாற்றம். பழையபடி ஆக்கணும். இல்லேன்னா..." சம்மட்டியை மேஜை மேல் வைத்தார். "விதிப்படி நசுக்கிடணும். எனக்கும் வருத்தம்தான். எனக்கிருக்கிறதும் இது ஒண்ணுதானே?"

கண்ணாடிக்காரர் வண்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். டீச்சர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. விடிந்தால் கல்யாண நாள். "பழசையெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டுட்டேனே சார்" என்றார்.

"நீங்க தூக்கிப் போட்டீங்க. நான் எடுத்து வச்சேன்" என்றது வாசலில் ஒரு குரல். எதிர்வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த டீச்சர், இறகுப் பந்து டப்பா ஒன்றைக் கொண்டு வந்து மேஜையில் கவிழ்த்தார். தகரச் சக்கரம், குட்டைப் புகைபோக்கி, ஒற்றைக் குரல் விசில், எல்லாம் துடைத்து வைத்தபடி கிடந்தன. கண்ணாடிக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டினார். வருஷக் கணக்கில் செய்த மேம்பாடெல்லாம் மாலைக்குள் மறைந்துவிட்டது.

கல்யாண நாளன்று ஓட்டச் சோதனை. படத்தில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்பதால் கண்ணாடிக்காரர் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மேஜைக் கால்களைச் சுற்றி ஓட்டுவதென்று முடிவாயிற்று.

"சிரிங்க" என்றார் ஆய்வாளர்.

"ஏன் சார்?"

"வரைபடத்துல இயக்குபவர் சிரிக்கிறார்."

ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார். தண்ணீர் முனகியது. ஆவி கிளம்பியது. ரோடு ரோலர் ஒரு தடவை உதறிக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று கிளம்பி மேஜையைச் சுற்றி வந்து 'கூ' என்றது. கண்ணாடிக்காரர் நிஜமாகவே சிரித்தார். முப்பதடி விதியை மறந்து டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து கை தட்டினார். இரும்புத் தொப்பிக்குக் கீழே ஆய்வாளரின் கண் கலங்கியது.

"தேறிடுச்சு" என்று சொல்லி, ஜீப்பிலிருந்து தகட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். அசல் தகடு. ஆலைக் கொதிகலனுக்காக வார்த்த இரும்பு. சாப்பாட்டுத் தட்டு அளவு. அதைக் கொதிகலனில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும், கழற்றுவது குற்றம். பொருத்தினார்கள். ரோடு ரோலர் தகட்டுக்குப் பின்னால் காணாமல் போனது. விளக்கை ஏற்றிப் பார்த்தார்கள். ஆவி வந்தது, விசிலும் வந்தது, வண்டி இம்மியும் நகரவில்லை.

"ஓடலையே" என்றார் டீச்சர்.

"இனிமேதாம்மா முழுப் பாதுகாப்பு" என்றார் ஆய்வாளர்.

டீச்சர் ஆய்வாளரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பண்றது ஒரே தொழில்தான். ஓடறதைப் பிடிச்சு நிறுத்தறது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். கண்ணாடிக்காரருக்கு அது சுருக்கென்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் அந்தத் தகட்டைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றபோது சுருக்கு போய்விட்டது.

பிறகென்ன, அசல் தகடு இல்லாத வண்டி வண்டியே இல்லை என்றாகிவிட்டது. அத்தனை பேரும் அலுவலகத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். தெருவிளக்குப் பேச்சு நின்றுபோய், ஆய்வாளருக்குக் கீழே சுண்டுவிரல் மெலிந்த உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆய்வாளர் மன்றத்தின் புரவலரானார். அவரும் ஒரு நீராவி லாரி வாங்கினார். "முதல் நாள் நல்லாத்தான் ஓடுச்சு. புகைபோக்கியை மட்டும் கொஞ்சம் மாத்தலாம்னு இருக்கேன்" என்று ரகசியமாகச் சொன்னார். அனுமதி வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "நான்தானே கொடுக்கணும்? கொடுத்துக்கிட்டேன்" என்றார்.

ஆண்டு விழாவில், தகடு மாட்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் அசையவில்லை. ஒரு விபத்துகூட நடக்காத மன்றம் என்று மேலிடம் பாராட்டிக் கோப்பை கொடுத்தது. அதை மூத்த உறுப்பினர் என்று கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தார்கள்.

டீச்சரிடம் காட்டலாம் என்று பாதி விழாவில் கிளம்பி வீட்டுக்கு வந்தார். உள்ளே புஸ் புஸ்ஸென்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் புத்தம் புது ரோடு ரோலர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே கடை, அதே பெட்டி. பக்கத்தில், அதை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துப் பந்துப் பை பிரிந்து கிடந்தது. ஞாயிறுதோறும் அவர் மன்றத்துக்குக் கிளம்பிய பிறகு இதுதான் நடந்திருக்கிறது. வண்டி சுற்றி வந்து 'கூ' என்றது. டீச்சர் தனியாக உட்கார்ந்து கை தட்டினார். கண்ணாடிக்காரருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கோப்பையைச் செடித்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, உள்ளே போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவே செய்துவிட்டார்.

அப்போது டீச்சர் வண்டியைக் கையில் எடுத்தார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பின் சக்கரத்தை விரலால் ஆட்டினார். இன்னொரு முறை ஆட்டினார். எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, புருஷனுடைய சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

'வேண்டாம்!' என்று கண்ணாடிக்காரர் கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கத்தவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால், அந்தச் சக்கரம் அவருக்கும் லேசாக ஆடுகிற மாதிரிதான் இருந்தது.