பெயர் வெட்டிய அண்டா

இந்தக் கதையைச் சொல்கிறவன் பல வருடங்களாக இதை நம்பவில்லை. கதையில் குறை இல்லை. குறை சாட்சியிடம் இருந்தது. கதையை அவனுக்குச் சொன்னது ஒரு பல்லி. பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டிக்குள் ஒளிந்து வந்து, இப்போது டியூப் லைட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஒருவர் பேசும்போது பல்லி உச்சுக்கொட்டினால் பேசியது நிஜம் என்பது ஊருக்கே தெரியும். இந்தப் பல்லி தான் சொன்னதற்குத் தானே உச்சுக்கொட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட சாட்சியை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது?

ஒரு காட்டில், குகைகளை இடித்து அடுக்ககம் கட்டத் தொடங்கியிருந்த காலத்தில், தேனம்மை என்று ஒரு கரடி இருந்தாள். அவளுக்கு ஆலமரத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பொந்து ஒதுக்கியிருந்தார்கள். குகையில் இருந்ததில் பாதி அங்கே கொள்ளாது. எடுத்துப்போவது எது, விட்டுவிடுவது எது என்று எல்லாவற்றையும் அவள் பிரித்து வைத்துவிட்டாள். அண்டா மட்டும் நடுவில் நின்றது.

பித்தளை அண்டா. கல்யாணத்துக்கு நாத்தனார் மீனாள் கொடுத்தது. மீனாள் ஒரு கொக்கு. கரடியின் புருஷனுக்குக் கொக்கு எப்படி அக்கா ஆனாள் என்று பல்லியிடம் கேட்கக் கூடாது. கேட்டால் உச்சுக்கொட்டும்.

கொடுத்தவர் பெயரைப் பாத்திரத்தின் விளிம்பில் சின்னதாக வெட்டுவது வழக்கம். மீனாள் தன் பெயரை அண்டாவின் வயிற்றில், அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி வெட்டியிருந்தாள். அந்தப் பெயருக்கு நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. தண்ணீர் ஊற்றினால் பெயரிலிருந்து ஒழுகும்.

ஓட்டை தன்னால் விழுந்தது என்பது தேனம்மையின் எண்ணம். புதுப்பெண்ணாக வந்த வாரத்தில் தண்ணீர் ஊற்றாமல் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டாள். அன்று சாயங்காலம்தான் ஒழுகுவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே ஒரு துணியையும் போட்டு வைத்தாள்.

"ஏன் தேனு, என் பேரு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு?" என்று மீனாள் ஒருமுறை கேட்டாள்.

"கண்ணு பட்டுரும் அண்ணி."

மீனாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் கேட்கவில்லையே என்று தேனம்மைக்கும் தோன்றவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் தோன்றியது.

இப்போது புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது. மீனாள் வருவாள். பொந்துக்குள் அண்டாவைத் திருப்பி வைக்கச் சுவரே இல்லை. எல்லாப் பக்கமும் வளைவு.

"உங்க அக்கா குடுத்தது. என்ன செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்று தேனம்மை புருஷனிடம் கேட்டாள்.

அவர் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார். "அண்டா எங்க அக்கா குடுத்தது. ஓட்டை உன்னுது. அதுல நான் எங்க வர்றேன்?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் அடைத்துப் பார்க்கலாம் என்று பாத்திரம் பழுது பார்க்கும் முள்ளம்பன்றி ஆண்டியப்பனைக் கூப்பிட்டாள். அவன் தன் முள்ளில் ஒன்றை விட்டுத் துழாவிப் பார்த்தான்.

"ஈயம் ஊத்தி அடைச்சுரலாம் ஆச்சி. பேரு போயிரும்."

"பேரு போகாம அடைக்க முடியாதா?"

"ஓட்டை பேருல இருக்கே ஆச்சி. எதை அடைக்க, எதை விட? வேணும்னா அடைச்சிட்டு, மேல உங்க பேரை வெட்டித் தரவா?"

நாத்தனார் பெயரை அழித்துத் தன் பெயரை வெட்டினால் என்ன நடக்கும் என்று தேனம்மை ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள். அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சரி, இருக்கிறபடியே பளபளப்பாக்கி வைப்போம், பளபளப்பில் ஓட்டை யார் கண்ணுக்குப் படும் என்று புளி போட்டு விளக்கினாள். அண்டா தங்கம் மாதிரி ஆனது. பெயரும் மின்னியது. பெயருக்கு நடுவில் ஓட்டை, பொட்டு வைத்த மாதிரி கச்சிதமாகத் தெரிந்தது.

கடைசியில் நரி வைரவனுக்கு ஆள் விட்டாள். அவனுடைய கடை கால்வாய்க்கு எதிரில். பழைய தூண், பழைய கதவு, பழைய உரல் எல்லாம் அங்கே பழையதாகவே இருக்கும். வைரவன் வந்து அண்டாவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யாரு ஆச்சி இதை விளக்கினது?"

"நான்தான். ஏம்பா?"

"அழுக்கா இருந்திருந்தா நூறு வருஷத்துச் சாமான்னு சொல்லியிருப்பேன். இப்போ போன வாரம் வாங்குனது மாதிரி இருக்கு. இனி இதை உப்பும் மண்ணும் போட்டுப் புதைச்சுத்தான் பழசாக்கணும்."

"அப்ப ஓட்டை?"

"ஓட்டை இருக்குறதாலதான் தொடுறேன். ஓட்டை இல்லாததைப் புழங்குறதுக்கு வாங்குவாங்க, பேரம் பேசுவாங்க. ஓட்டை இருந்தா அழகுக்குன்னு வாங்குவாங்க. அவங்க பேரம் பேச வெட்கப்படுவாங்க."

"பேரை அழிச்சிருவியா?"

"பேரா? அதுக்குத்தான் ஆச்சி மவுசு."

தேனம்மை அண்டாவை ஒருமுறை தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் கடை காட்டின் அந்தக் கோடியில் இருந்தது. மீனாள் அங்கே எதற்குப் போகப் போகிறாள்? வீடு மாற்றும்போது திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அண்டாவைக் கொடுத்துவிட்டாள். அது உருண்டு போன சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்றாள். பிறகு திருட்டுப் போன கதையை எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

கொக்கு மீன் பிடிக்கக் கால்வாய்க்குத்தான் போவாள் என்பது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

பால் காய்ச்சும் நாள் வந்தது. பொந்து கொள்ளாத கூட்டம். மாடிக்கு மாடி குரங்குகள். தேனம்மை ஒரு சின்னப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைக்கப் போகும்போது மீனாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு முயல்கள், ஜிகினாத்தாள் சுற்றிய பெரிய ஒன்றை மூச்சு வாங்கத் தூக்கி வந்தன.

"புது வீட்டுக்கு என்னால ஆனது" என்றாள் மீனாள். "பிரிச்சுப் பாரு தேனு."

தேனம்மை தாளைப் பிரித்தாள். முதலில் மண்வாசனை வந்தது. அப்புறம் பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை. அப்புறம் பெயர்.

கால்வாயில் ஒற்றைக்காலில் நின்ற மீனாள், எதிர்க்கடை வாசலில் தன் பெயர் விலைக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறாள். போகிற வருகிற நண்டெல்லாம் அதை வாசித்துக்கொண்டு போயிருக்கிறது. வேறு வழியில்லாமல் வைரவன் கேட்ட விலையைக் கொடுத்துத் தன் பெயரைத் தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க வாங்குனீங்க அண்ணி?" என்றாள் தேனம்மை.

"உன்கிட்ட இருந்துச்சே, அதுக்கு ஜோடி" என்றாள் மீனாள். "அது எங்க?"

"திருட்டுப்..." என்று ஆரம்பித்த தேனம்மை, நாத்தனாரின் கழுத்து நீளுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இந்த நேரத்தில் மூன்றாவது மாடிக் குரங்கம்மா நடுவில் புகுந்தாள். "நாத்தனார் சீரு வந்தாச்சு. அதுலயே பாலைக் காய்ச்சும்மா. பெரிய பாத்திரம், வீடு நிறையும்."

"வேண்டாம்" என்றாள் தேனம்மை.

"வேண்டாம்" என்றாள் மீனாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. தேனம்மை திரும்பிப் பார்த்தாள். தான் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. இவள் எதற்கு வேண்டாம் என்கிறாள்?

குரங்குகள் கேட்கிற சாதியா? அண்டாவை அடுப்பில் ஏற்றி, ஆளுக்கு ஒரு சொம்பாகப் பாலை ஊற்றிவிட்டன. பால் பெயர்வரை ஏறியது. பிறகு பெயரிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு இறங்கி அடுப்பங்கல்லை நனைத்தது. குரங்கம்மா குனிந்து பார்த்தாள்.

"எல்லார் வீட்டுலயும் பால் பொங்கினாத்தான் வழியும். இங்க பொங்குறதுக்கு முன்னாலயே வழியுது பாருங்க. என்ன ராசி." கூட்டம் குலவை போட்டது.

அந்தச் சத்தத்துக்கு அடியில் தேனம்மை நாத்தனாரைப் பொந்தின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குன்னு ஆசையா வாங்குன அண்டா அது. பேரு வெட்டுனவன் உளியை அழுத்திட்டான். பேரு வெட்டுனதைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா? அந்த வாரம் உனக்குக் கல்யாணம்."

"இத்தனை வருஷமா நான்தான் ஓட்டை போட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி."

"தெரியும். சுவத்துப் பக்கம் திருப்பி வச்சப்பவே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மீனாள் ஒரு காலை மடக்கிக்கொண்டாள். "நீதான் வெட்கப்பட்டுக்கிட்டு இருந்தியே. ஒரே ஓட்டைக்கு ரெண்டு பேரு எதுக்கு வெட்கப்படணும்?"

தேனம்மை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் குரங்கம்மா, "மிச்சப் பாலை ஆளுக்குக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அண்டாவைக் கழுவினார்கள். சேர்ந்தே அதை ஓரமாக நிறுத்தினார்கள். பெயரை உள்பக்கம் திருப்பியது மீனாள். பழைய துணியைத் தேடி எடுத்து வந்து மூடியது தேனம்மை. துணிக்கு அடியில், ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகப் பல்லி சொல்கிறது. சொல்லி முடித்து உச்சுக்கொட்டியது.

கதை சொல்கிறவன் கடைசியில் போன வாரம் டியூப் லைட்டுக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு ஏறி அதனிடம் கேட்டான்: "ஓட்டை இருப்பது இவளுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இவளுக்குத் தெரியும் என்பது அவளுக்கும், அவளுக்குத் தெரியும் என்பது இவளுக்கும் தெரியும். அப்புறம் யாருக்காக அந்தத் துணி?"

பல்லி முதல்முறையாக உச்சுக்கொட்டவில்லை.

நீதி: பழைய பொருளை அடைப்பதா, விளக்குவதா, விற்பதா என்று குழம்ப வேண்டாம். உங்கள் பெயரைப் பெரிதாக வெட்டி யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுங்கள். ஓட்டைக்கு அவர்கள் வெட்கப்பட்டுக்கொள்வார்கள்.