கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத மசியல்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், உங்கள் பேத்தி மூவரும் நலம். சமையலறைச் சுவர் மட்டும் சற்று நலமில்லை. காரணம் கீழே வருகிறது. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள புள்ள ஒரு வாய் சாப்பிடலேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். கொத்தனார் கைக்குச் செங்கல்தான் வரும், ஊட்ட வராது" என்று போனில் சொன்னீர்கள். நாற்பது வருடம் ஓட்டலில் கரண்டி பிடித்தவர், சொல்லலாம். நானும் பதினாறு வருடமாகக் கரண்டி பிடிப்பவன்தான் மாமா. உங்களுடையது கிளற, என்னுடையது பூச, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அவள் இல்லாத வீட்டை நினைத்து இரண்டு நாள் எனக்கே சோறு இறங்கவில்லை.

நர்ஸம்மா "இனிமே கொஞ்சம் கெட்டியா குடுக்கலாம்" என்றார். எங்கள் தொழிலில் கெட்டி என்றால் ஒரே அளவுதான், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. திங்கட்கிழமை உருளைக்கிழங்கும் கேரட்டும் வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்து, அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். உங்கள் பேத்தி மேஸ்திரி (தான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் அதட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர்) ஒரே தட்டு தட்டினாள், முழுவதும் சுவரில். கிட்டே போய்ப் பார்த்தேன். விரிசல் இல்லை, தொய்வு இல்லை, என்ன பிடிப்பு! "இது குழந்தைக்கா, சுவத்துக்கா?" என்றாள் உங்கள் மகள். மறுநாள் இளக்கினேன், என் முழங்கை வரை வழிந்தது. புதன்கிழமை அவள் உட்காரும் நாற்காலி மேல் சந்தேகம் வந்து, சுவருக்கு மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு நூல் சாய்வு! அட்டையை மடித்து நாற்காலிக் காலுக்கடியில் கொடுத்து நிமிர்த்துவதற்குள் ரசமட்டத்தைப் பிடுங்கி வாயில் வைத்தாள். மூன்று நாளாக மூடிக் கிடந்த வாய் அதற்கு மட்டும் திறந்தது! விடுவேனா? அதைக் கழுவித் துடைத்து, இடது கையில் அதைக் காட்டி, வாய் திறக்கும் நேரம் பார்த்து வலது கையால் ஊட்டினேன். இன்று சனிக்கிழமை, ஒன்பது கரண்டி மாமா, ஒன்பது! கிண்ணம் காலி. நானே ஊட்டினேன். நீங்கள் தாராளமாக வரலாம், தூக்கிப்போக அல்ல, வேடிக்கை பார்க்க.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும். இந்த ஒருமுறை அதைப் பாராட்டாகவே அனுப்பினாலும் மறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மருமகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது உங்கள் மகள் வந்து மேஸ்திரியின் கழுத்துத் துணியைப் பார்த்தாள். சிந்துவதைப் பிடிக்க அதன் அடியில் ஒரு பை இருக்கிறது. ஒன்பது கரண்டியும் அதில் பத்திரமாக இருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அதற்குள் மேஸ்திரி பைக்குள் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டு, முழுங்கினாள். மறுபடி அள்ளினாள். பை காலியானதும் இன்னும் கொண்டா என்று மேஜையைத் தட்டினாள். ஆகவே மேலே "நானே ஊட்டினேன்" என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். நீங்கள் வரும்போது கரண்டி எதுவும் கொண்டுவர வேண்டாம். அவளுக்கு உங்களுடையதும் வேண்டாமாம், என்னுடையதும் வேண்டாமாம்.