நுனி மேலே பார்த்த ஓடுபாதை

பௌதிகவியல் ஆசிரியரின் கையில் யாரும் மரப்பலகையைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆசிரியர் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் டியூஷன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கம்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த செல்வராஜ் முதலாளியின் மகள் மலரை விரும்பினேன். அவளும் என்னை விரும்பினாள் (ஏன் என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை). அவளுடைய அப்பா மட்டும், "பொங்கலுக்கு வரச் சொல்லு, ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலன்று அவருடைய கடை முற்றத்தில் மரப் பொம்மைக் கார் ஓட்டம் நடக்கும். இஞ்சின் கிடையாது, பெட்டரி கிடையாது. உயரத்தில் வைத்து விட்டால் சரிவில் தானாக ஓடிவரும் சாண் நீளக் கார்கள். முதலாளி வருடா வருடம் ஒரே நேர்ப்பலகையில் ஓட்டி ஜெயிப்பார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நேர்கோடு தூரம் குறைஞ்ச பாதைதான், கெதியான பாதை இல்லை," என்றேன் மலரிடம். "முதல்லயே சறுக்கென்று விழவிட்டால் வேகம் வந்திடும். பிறகு சுத்தி வந்தாலும் முந்தலாம்."

"நீங்க அப்பாவ ஜெயிக்க வர்றீங்களா, பொண்ணு கேக்க வர்றீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

கடைத் தச்சர் முனியாண்டி அண்ணன் நான் வரைந்த படத்தைப் பார்த்து மெல்லிய பிளைவுட்டை வளைத்து, முதலாளியின் பலகைக்குப் பக்கத்தில் என் பாதையைப் போட்டுத் தந்தார். தூரம் அதிகமாகவும் இறக்கம் குறைவாகவும் இருந்தால், அதிவேக வளைகோடு முடிவுக் கோட்டுக்கும் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறி வந்து முடியும். அவர் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், நுனி வானத்தப் பாக்குதுங்களே?"

"அதுதான் அண்ணை பௌதிகம்!"

முதலாளியின் பாதை முடிகிற இடத்தில் காரைத் தடுக்கப் பழைய மெத்தை ஒன்று கிடந்தது. என் பாதைக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் கணக்கில் கார் முடிவுப் புள்ளியை அடையும். அடைந்த பிறகு என்ன செய்யும் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை.

மலர் இரண்டு கார்களையும் ஒன்றாக விட்டாள். ஐயோ, என் கார் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! பாதி வழியிலேயே முந்திவிட்டது. நான் துள்ளினேன். காரும் துள்ளியது. முடிவுக் கோட்டைத் தாண்டி ஆகாயத்தில் பறந்து, அந்தக் கோட்டைப் போட்ட சிவப்புப் பெயின்ட் டின்னுக்குள் தொப்பென்று விழுந்தது. மூடியை யாரும் மூடியிருக்கவில்லை. டின்னுக்கு மேலே குனிந்து, புது வெள்ளை வேட்டியில், யார் முதல் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளி.

முகத்திலிருந்து வேட்டிவரை அவர் சிவப்பாகிவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த நேரத்தில் நான் கத்தியது இதுதான்:

"மாமா! ஆனா என்ர கார்தான் முதல்!"

அன்று காலைவரை அவர் எனக்கு 'ஐயா'. மலர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமும் போச்சு, கம்பளையும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் துடைத்தார். "மாமாவா?"

"ஓம்... இல்லை... மன்னிச்சுக்கொள்ளுங்கோ..."

"முனியாண்டி, யாரு முதல்ல வந்தது?"

"மாஸ்டருதாங்க," என்றார் அண்ணன், பயந்தபடி.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருடைய தொப்பை குலுங்கத் தொடங்கியது. மீசையிலிருந்து சிவப்பு சொட்டச் சொட்டச் சிரித்தார்.

"சரி மாப்ள, நாள் பாப்போம். ஆனா பந்தல நாங்க கட்டிக்கிறோம். நீங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கல்யாணமாகிப் பதினொரு வருடமாகியும் அந்தத் தடை நீங்கவில்லை. போன வாரம் மாமா வீட்டில் கதிரைக்கால் ஆடுகிறதே என்று சுத்தியலை எடுத்தேன். மாமியார் நேரே கொல்லைக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளையெல்லாம் அள்ளிவந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.