ஒரே ரூலு நைனாவின் மாடிப்படி

ஒரே ரூலு நைனாவோடு நாலு பேர் கூடும் இடத்துக்குப் போய்விட்டுத் தலைநிமிர்ந்து திரும்பியவர் எண்ணூர் வட்டாரத்திலேயே கிடையாது. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவன். எனக்கு அந்தக் குனிவு கொஞ்சம் அதிகம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அந்தப் பெயர் வரக் காரணம் எங்கள் தெருதான். கிழக்கு வரிசை மாநகராட்சி, மேற்கு வரிசை ஊராட்சி. மேற்கே இருந்த நைனா, தெருவை ஒட்டியே வெளிப்புறமாக மாடிப்படி கட்டிக்கொண்டார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. எதிர்வீட்டு அந்தோணி அதே மாதிரி கட்டப் போனபோது, இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று மாநகராட்சியில் சொல்லிவிட்டார்கள். பாவம், அவர் படியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டினார். கூடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அன்றோடு நைனாவின் நிம்மதி போயிற்று.

"இத்தினூண்டு ரோடு. இந்தாண்ட ஒரு ரூலு, அந்தாண்ட ஒரு ரூலா? இன்னா நாயம் இது?"

பார்ப்பவரிடமெல்லாம் கேட்டார். ஒரு சாவு வீட்டில், மாலையோடு வந்த கவுன்சிலரைப் பிணத்தருகிலேயே மடக்கினார். "தலிவரே, செத்தது அந்தாண்ட, எரிக்கப் போறது இந்தாண்ட. அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். வூடு கட்றதுக்கு மட்டும் ஏன் ரெண்டு ரூலு?" கவுன்சிலர் மாலையை யாருக்குப் போட வந்தோம் என்பதையே மறந்து நின்றார்.

எனக்குப் பெண் பார்க்கப் பெரம்பூர் போனபோது, பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டுமே என்று இவரை அழைத்துப் போனேன். என் புத்தி அப்படி. பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தாள். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல எவ்ளோ எடம் வுட்டு கட்னீங்கோ?"

"விடலைங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"இங்க வுடாம கட்லாமா? எங்காண்ட எதிர்வூட்டுக்காரனுக்கு மட்டும் கூடாதாமே."

நாங்கள் ஏதோ மாநகராட்சி ஆபீசிலிருந்து வேவு பார்க்க வந்தவர்கள் என்று பெண்ணின் அப்பா நினைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. நான் கையிலிருந்த பஜ்ஜியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

பிறகு மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி என்று நிஜமாகவே வந்துவிட்டது. நைனா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். இனி எல்லாப் பக்கமும் தன் பக்கம் மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தோணியையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த இன்ஜினீயர் அம்மா பொறுமையாக விளக்கினார்.

"இனிமே ரெண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் கட்டணும் ஐயா. ரோட்டை ஒட்டிப் படி வைக்கவே கூடாது."

"அப்ப என் படி?"

"அது பழசு. புதுசா கட்றவங்களுக்குத்தான் இது. உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தோணி அவர் தோளைத் தட்டினார். "அப்புறம் இன்னா நைனா, நீ தப்பிச்ச." சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு வந்ததும் நைனா உள்ளே போகாமல் தன் படியையும் எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படி இல்லை. செங்கல் குவியல் மேல் நைனா சம்மட்டியோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது.

"இன்னா நைனா இது?"

"கவருமெண்டு வுட்டுச்சுபா. அந்தோணி மூஞ்ச தெனம் பாக்கணுமே." தரையைப் பார்த்துச் சொன்னார். "பாத்து ஏறு. நான் புடிச்சிக்கிறேன்."

குடித்தனக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இடித்துவிட்டோமே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. காலையிலும் மாலையிலும் தவறாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. இன் பண்ணிய சட்டையோடு நான் குரங்கு மாதிரி ஏறுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே நான் கூச, கீழே அவர் கூச, பொறுக்க முடியாமல் அந்தோணிதான் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். "உள்ளயே வெச்சிக் கட்டு நைனா. என் வூட்ல நாங்க இல்ல?"

நைனாவின் முன்னறை பாதி போயிற்று. கட்டிலுக்கு வேறு இடமில்லாமல் படிக்குக் கீழேயே போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் இருந்தவரை நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன்.