ரீசெட் மாமாவின் கைராசி

கெட்டுப்போன சாமானைக் கண்டால் முகம் மலர்கிற இனம் ஒன்று உண்டு. மிக்ஸி நின்றுவிட்டது, குழாய் ஒழுகுகிறது, போன் சூடாகிறது என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் "இங்க குடு" என்று இவர்கள் கை நீண்டுவிடும். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டால்தான் உதவி என்றால் இவர்கள் பிறந்ததே வீணாகிவிடாதா?

நம்ம ரீசெட் மாமா இந்த இனத்தின் தலைமகன். எதைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் அவர் வைத்தியம். பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். அன்று மச்சினி வீட்டுச் சோபாவில், தன் வழக்கமான மூலையில், நன்றாக அமுங்கி உட்கார்ந்திருந்தார். மச்சினி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். கப்பல் ஏறிய பூனை ஒன்றின் கதைக்காக மாதக்கணக்கில் கண்விழித்து வரைந்த படங்கள் அத்தனையும் அவளுடைய டேப்லெட்டில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. மறுநாள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்தச் சனியனோ நினைத்து நினைத்துத் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால், கோடு ஒன்று இழுப்பதற்குள் மறுபடி பூட்டு.

"மேஜையில உக்காந்து வரைஞ்சா ஒண்ணும் ஆகல மாமா. சோபாவுக்கு வந்தாதான் இப்படிப் பண்ணுது."

"சோபா எது, மேஜை எதுன்னு அதுக்குத் தெரியுமாக்கும்! எல்லாம் உன் பிரமைம்மா." மாமா குலுங்கிச் சிரித்தார். அவர் மடியிலிருந்த டேப்லெட் பூட்டிக்கொண்டது.

"ஆமா, உன் வயர் இல்லாத கீபோர்டு எங்கடி?" என்றாள் அக்கா, அதாவது மாமாவின் மனைவி.

"போன வாரம் மாமா மேஜையை ஒழுங்குபடுத்தினாரே, அதுலேர்ந்து காணோம்க்கா."

"இங்க என்ன பேசிட்டிருக்கோம், நீ என்ன கேக்குற?" என்று மாமா மனைவியை ஒரே அதட்டாக அதட்டினார். பிறகு டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தார், முதுகில் தட்டினார், காதருகே கொண்டுபோனார், உச்சுக் கொட்டினார். உள்ளே குப்பை சேர்ந்துவிட்டதாம்.

"படமெல்லாம் போயிடாதே மாமா?"

"எத்தனை டேப்லெட் பார்த்திருக்கேன்! ஒண்ணும் ஆகாது. பாஸ்வேர்டைப் போடு."

போட்டாள், பாவம். மாமா அழித்தார். திரை கறுத்து, வெளுத்து, அன்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் வணக்கம் சொன்னது. மாமா குலுங்கினார், சாய்ந்தார், காலை மாற்றிப் போட்டார். பூட்டிக்கொள்ளவில்லை!

"பாத்தியா? கைராசின்னா இதுதான்!"

அவள் தேடிப் பார்த்தாள். பூனை இல்லை, கப்பல் இல்லை, கடலும் இல்லை. சோபாவின் கைப்பிடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்க வேண்டாமா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்ல," என்று எழுந்தார் மாமா. அக்கா அவர் உட்கார்ந்த மெத்தையைத் தூக்கினாள். அடியில் கீபோர்டு. டேப்லெட்டைப் பூட்டுகிற பொத்தான் அதன் மூலையிலேயே இருந்தது. யார் உட்கார்ந்தாலும் அதுதான் அமுங்கியிருக்கிறது. அழித்ததில் கீபோர்டின் தொடர்பும் சேர்ந்து அறுந்துபோனதால்தான் அவருடைய கைராசி பலித்தது.

மாமா வெட்கினார் என்றா நினைக்கிறீர்கள்? கீபோர்டை எடுத்து வாயால் ஊதினார்.

"நான்தான் இங்க பத்திரப்படுத்தி வச்சேன். பாரு, ஒரு பொட்டுத் தூசி இருக்கா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. மச்சினி அழுகிறாளே என்று உங்களுக்கு மனசு கேட்கவில்லை, அதுவும் நல்லது. ஆனால் அழிந்த படங்களை மீட்டுவிடலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது, அந்த டேப்லெட் மட்டும் என் கைக்கு வந்தால் என்று இந்த நிமிஷம் உங்களுக்குக் கை பரபரக்கிறதா? தயவுசெய்து அந்தக் கையைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன், எதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருதரம் எழுந்து பார்த்துவிடுங்கள்.