ஒரு ஸ்பூன் நிதானம்

பதற்றம் போய்விட்டது என்பதைப் பதறிப் பதறிச் சொல்லித் திரிகிற ஓர் இனம் உண்டு. உங்கள் வேலை இடத்தில் ஒருவர் இருப்பார். சம்பந்தி வீட்டில் நிச்சயம் ஒருவர் இருப்பார். பையில் டப்பா, டப்பாவில் வெள்ளைப் பொடி, பொடிக்குப் பெயர் அமினோ அமிலம். தூக்கம் சரியில்லை என்று நீங்கள் தெரியாத்தனமாக வாயைத் திறந்தால் போதும், டப்பாவும் திறந்துவிடும்.

எனக்குத் தெரிந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பிழைக்கிற மனுஷனுக்கு நெஞ்சு படபடக்காமல் இருந்தால்தான் அதிசயம். யாரோ சொல்லிப் பொடியை ஆரம்பித்தார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கிற இனமா இது? கிளட்ச் எது என்று காட்டுவதற்கு முன்னால், "புரதம் சுவர்னா இது செங்கல்" என்று தொடங்கி, பெட்ரோல் பங்க்கில், சலூனில், துக்க வீட்டில்கூட அழுகிறவர்களை ஓரமாகக் கூப்பிட்டு, வெந்நீரில் கலக்க வேண்டுமா பச்சைத் தண்ணீரிலா என்று விளக்கி, கேட்டவருக்குப் படபடப்பு வந்த பிறகுதான் விடுவார். பொடி கேட்குமா கேட்காதா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. நான் ஆளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

டப்பாவைக் காணோம் என்று அவர் வீட்டைத் தலைகீழாக்கும்போதெல்லாம் சம்சாரம் சொல்வாள்: "கெடைச்சதும் மொதல்ல எனக்கு ஒரு ஸ்பூன் குடுங்க."

இப்படியிருக்க, மகளுக்கு லைசென்ஸ் பரீட்சை வந்தது. பேக்கரி வேன் ஓட்டும் வேலை. திங்கட்கிழமை லைசென்ஸோடு வா, இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி அதிகாரி பின்சீட்டில் உட்காருவார், மாஸ்டர் முன்னால். மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தால் ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினார் என்று அர்த்தம். பரீட்சை அம்பேல்.

மாஸ்டர் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டு ஏறினார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள். வண்டி தண்ணீரில் படகு மாதிரிப் போனது. தூரத்தில் ஒரு புறா. மாஸ்டரின் கால் அவரைக் கேட்கவில்லை. ஓங்கி ஒரு மிதி. அதிகாரியின் கண்ணாடி மடியில் விழுந்தது.

அதிகாரி நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள் என்று கேட்டார். மாஸ்டர், பாதுகாப்பு, முன்னெச்சரிக்கை என்று என்னவோ மென்று முழுங்கினார்.

மகள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "புறா பிளாட்பாரத்துல நிக்குதுப்பா."

யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் நிதானத்தை ஸ்பூன் கணக்கில் அளந்த மனுஷன். இந்த அதிகாரிக்கே போன மாதம் அரைமணி நேரம் செங்கல் கதை சொன்னவர். வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் பெண்ணின் வேலை போகும்.

"புள்ள மேல தப்பில்ல சார். நான்தான் பயந்துட்டேன்."

"புறாவுக்கா?"

"ஆமா சார்."

"பொடி சாப்புடலையா?"

"ரெண்டு ஸ்பூன் சார்."

அதிகாரி சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. மாஸ்டரை ரோட்டோரம் இறக்கிவிட்டு, வேறொரு மாஸ்டரை ஏற்றிக்கொண்டு பரீட்சையைத் தொடர்ந்தார். வண்டி திரும்பி வரும்வரை நம்மவர் ஒற்றைக் காலில் நின்றார். பெண் பாஸ்.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுநாள் புது மாணவரிடம் சொல்கிறார்: "பெரிய அதிகாரி முன்னாடி, 'நான் பயந்துட்டேன்'னு ஒத்துக்கிட்டேன் தம்பி. அந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சுங்கிறே? எல்லாம் பொடிதான்."

இதைப் படிக்கும்போதே, யாருக்கு அனுப்பி வைக்கலாம் என்று உங்கள் மனசில் ஒரு முகம் வந்து போயிருக்குமே? அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஆள் முதலில் படித்திருந்தால் யாருக்கு அனுப்பியிருப்பார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.