கடலுக்கு விலங்கு போட்ட சாமி

எங்கள் கடலுக்கு விலங்கு போட்டாயிற்று, தெரியுமா? போட்டவர் அலைகட்டிச் சாமி. சுனாமி வந்த அடுத்த வருடம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று ஓய்கிற நேரம் பார்த்து எங்கள் உடப்புப் பக்கம் வந்து இறங்கினார். சோதனைச்சாவடியில் எங்கள் மீன்பெட்டியைக் கொட்டிக் கிளறுகிற ஆமிக்காரர்கூட அவருடைய மூட்டையைக் கும்பிட்டு அனுப்பினார்களாம். பிறகு சனம் சும்மா இருக்குமா? சிலாபத்திலிருந்தெல்லாம் வான் பிடித்து வந்தது.

அலை முட்டுகிற இடத்தில் சாமி ஒரு கட்டையை நட்டு மஞ்சள் பூசினார். "இனிக் கடல் இதைத் தாண்டாது. பின்னுக்குப் போகும்" என்றார். கடலும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது! தேங்காயும் சேவலும் முன்னுக்கு வந்தன.

அதோடு விட்டாரா? "ஓடுறதுக்குப் பாதை வைச்சிருந்தா கட்டு அவிழ்ந்திரும்" என்று ஒரு போடு போட்டார். சுனாமிக்குப் பிறகு ஊரே கூடி, வேலிகளை வெட்டி, மணல்மேட்டுக்கு ஓடப் பாதை திறந்திருந்தது. ஒரே நாளில் அத்தனை வேலியும் அடைபட்டது.

எங்கள் ஊர்ப் பவளத்துக்கு இது பொறுக்கவில்லை. அவளுடைய தாய் செல்லாச்சிக்கு இரண்டு காலும் வராது. கதிரையின் இரண்டு பக்கமும் தடி கட்டி, அதில் அவளை இருத்தித் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி ஆட்கள் பழகியிருந்தார்கள். முன்தடி பிடிப்பவர் கரைவலைக்காரர் வீரகத்தி.

"என்னண்ணே, அம்மாவத் தூக்கிப் பழக வரேல்ல?"

"கடலைத்தான் கட்டியாச்சே பிள்ள. பிறகு என்னத்துக்கு ஓட்டம்?"

"கட்டு அவிழ்ந்தா அம்மாவை ஆர் தூக்குறது? சாமியோ?"

வீரகத்தி வலைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

பவளம் நேரே போய், சாமியின் கட்டைக்கு வெகுதூரம் தள்ளி, அலை முட்டுகிற இடத்தில் வீடு கூட்டித் தேய்ந்த ஈர்க்குமாறு ஒன்றை நட்டாள். மஞ்சளும் இல்லை, மந்திரமும் இல்லை. சில கிழமை பொறுத்தாள். பூசைக்குக் கூட்டம் கூடிய நாளில் கூப்பிட்டாள்:

"எல்லாரும் இங்கால வாங்கோ! என்ர ஈர்க்குமாத்துக்கும் ஒரு தேங்காய் உடையுங்கோ!"

போய்ப் பார்த்தால், கடல் ஈர்க்குமாற்றுக்கும் பயந்து பின்னுக்குப் போயிருந்தது.

வீரகத்தி தலையைச் சொறிந்தார். "அட, சோளகத்தில கடல் கரை மண்ணைத் தின்னும், வாடைக் காத்தில திருப்பித் துப்பும். வருசா வருசம் நடக்கிறதுதானே!" அதைப் பார்த்துத்தான் வருடா வருடம் வள்ளத்தை இழுத்து வைக்கிற மனிதர். பயம் வந்ததும் மூளையையும் வள்ளத்தோடு கரையேற்றிவிட்டார்.

"என்ர மந்திரம் கரை முழுக்க ஓடுது" என்றார் சாமி.

"நல்லம். கட்டைக்குக் கடல் பக்கமா உங்களுக்கு ஒரு கொட்டில் போட்டுத் தாறம். அடுத்த சோளகம் முடியுமட்டும் அதில இருங்கோ" என்றாள் பவளம்.

"எனக்குக் கடல்காத்து ஒத்துவராது, மகள்."

"ஓம், அதுதான் நாங்கள் ஓடி ஏறுற மேட்டு உச்சியில கொட்டில் போட்டிருக்கிறியள்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொழுதுபடுவதற்குள் சாமியையும் காணோம், சேவல்களையும் காணோம்.

மறுநாள் வேலிகள் திறந்தன. வீரகத்தி தலையைக் குனிந்தபடி முன்தடியைத் தூக்கினார்.

"கட்டையைக் கும்பிட்ட கை வழுக்குதோ? இறுக்கிப் பிடியடா!" என்றாள் கதிரையிலிருந்த செல்லாச்சி.

கடல் பொங்கினால் உங்களைத் தூக்கி ஓடப்போவது பக்கத்து வீட்டுக்காரனின் தோள்தான். அவனோடு சேர்ந்து கொஞ்சம் யோசியுங்கள். கடலுக்குப் போகவும் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டிய இந்த நாட்டில், யோசிப்பதற்கு மட்டும் இன்னும் பாஸ் கேட்கத் தொடங்கவில்லை.